பாரிங்கர் கிண்ணக்குழி

பாரிங்கர் கிண்ணக்குழி என்பது ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வின்சுலோ நகருக்கு மேற்கேயுள்ள வறண்ட சமவெளியில் விண்கல் மோதியதால் உண்டான கிண்ண வடிவப் பள்ளம் ஆகும். இதன் விட்டம் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர், ஆழம் ஏறத்தாழ 170 மீட்டர். விளிம்பு சமவெளியிலிருந்து சுமார் 45 மீட்டர் உயர்ந்துள்ளது. இது ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. நிலாவின் கிண்ணக்குழிகள் எவ்வாறு தோன்றின என்பதை விளங்கிக்கொள்ளவும் இப்பள்ளம் உதவியது.

உருவான முறை

மோதிய விண்கல் இரும்பும் நிக்கலும் கலந்தது. சுமார் 50 மீட்டர் குறுக்களவு கொண்ட அக்கல், நொடிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வந்தது. இத்தகைய மோதல் மூன்று கட்டங்களில் நிகழ்கிறது.

1. அமுக்கம்: விண்கல் நிலத்தைத் தொட்டவுடன் அதன் இயக்க ஆற்றல் அதிர்வலையாக மாறிப் பாறையினுள்ளும் கல்லினுள்ளும் பரவுகிறது. கல்லின் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் சிதறுகிறது.
2. அகழ்வு: விரியும் அதிர்வலை பாறையை நொறுக்கி மேலும் வெளியும் எறிகிறது. விளிம்பிலுள்ள பாறை அடுக்குகள் மடங்கித் தலைகீழாகக் கவிழ்கின்றன. எனவே இங்கு விளிம்பில் பழைய அடுக்கு புதிய அடுக்கின் மேல் காணப்படுகிறது.
3. சரிவு: பள்ளத்தின் சுவர்கள் சரிந்து, நொறுங்கிய பாறை அடியில் நிரம்புகிறது.

ஆகவே பள்ளத்தை உண்டாக்குவது கல்லின் பருமன் அன்று, அதன் ஆற்றலே. இதனால் பள்ளம் கல்லைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கும்.

ஆய்வு வரலாறு

1891 இல் நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் இப்பள்ளத்தை ஆராய்ந்தார். விண்கல் உள்ளே புதைந்திருந்தால், விளிம்பைச் சுற்றிக் குவிந்துள்ள பாறையின் கன அளவு பள்ளத்தின் கொள்ளளவை விட மிகுதியாக இருக்க வேண்டும். காந்த ஊசியும் விலக வேண்டும் என அவர் கருதினார். இரண்டும் நிகழவில்லை. எனவே இது எரிமலை வெப்பத்தால் எழுந்த நீராவி வெடிப்பின் விளைவு என முடிவு செய்தார். ஆனால் நிலாவின் கிண்ணக்குழிகள் மோதலால் உண்டானவை என 1893 இல் எழுதியவரும் இவரே.

சுரங்கப் பொறியாளரான டானியல் பாரிங்கர் இது விண்கல் மோதிய இடமே என உறுதியாக நம்பினார். 1903 இல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, புதைந்துள்ள இரும்பைத் தேடிப் பல ஆண்டுகள் துளையிட்டார். பெரும் இரும்புத் திரள் கிடைக்கவில்லை. அவர் எதிர்பார்த்ததைவிட விண்கல் மிகச் சிறியது என்றும், அதன் பெரும்பகுதி மோதலிலேயே அழிந்திருக்கும் என்றும் வானியலாளர் மோல்ட்டன் 1929 இல் கணித்துக் காட்டினார். பாரிங்கர் அவ்வாண்டு நவம்பரில் காலமானார்.

கில்பர்ட்டின் முடிவு தவறு. பாரிங்கரின் முடிவு சரி. எனினும் கல் முழுமையாக நிலத்தினுள் இருக்க வேண்டும் என்ற ஒரே பிழையான எண்ணமே இருவரையும் ஏமாற்றியது.

1960 இல் யூசின் சூமேக்கரும் எட்வர்ட் சாவோவும் இங்குள்ள மணற்கல்லில் கோயிசைட்டு என்னும் கனிமத்தைக் கண்டறிந்தனர். இது மிகுந்த அழுத்தத்தில் மட்டுமே உருவாகும் சிலிக்கா வகையாகும். எரிமலை வெடிப்பின் அழுத்தம் இதற்குப் போதாது. நெவாடா அணுகுண்டுச் சோதனைகளில் உண்டான பள்ளங்களுடனும் சூமேக்கர் இதனை ஒப்பிட்டு, மோதலே காரணம் என நிறுவினார்.

நிலாவுடன் ஒப்பீடு

விண்கற்கள் சாய்வாக விழுந்தால் பள்ளங்கள் நீள்வட்டமாக அல்லவா இருக்க வேண்டும் என்ற வினா நெடுங்காலம் நிலவியது. அதிர்வலை எல்லாத் திசையிலும் பரவுவதால், மிகத் தாழ்ந்த கோணத்தில் மோதினாலன்றிப் பள்ளம் வட்டமாகவே அமைகிறது. பெரிய பள்ளங்களில் நடுப்பகுதி மேலெழுந்து குன்றாகிறது. 85 கிலோமீட்டர் விட்டமுள்ள நிலாவின் டைக்கோ இதற்குச் சான்று.

நிலாவில் காற்றும் ஓடும் நீரும் இல்லாததால் பள்ளங்கள் நீண்ட காலம் அழியாதிருக்கின்றன. புவியில் அரிப்பும் படிவும் நிலத்தட்டுகளின் இயக்கமும் அவற்றை அழித்துவிடுகின்றன. இங்கு உறுதிசெய்யப்பட்டவை ஏறத்தாழ 200 மட்டுமே. 1960களில் அப்பல்லோ விண்வெளி வீரர்கள் பாரிங்கர் கிண்ணக்குழியில் பயிற்சி பெற்றனர்.

பிற தகவல்கள்

இங்கு கிடைத்த விண்கல் துண்டுகள் கேனியன் டயாப்லோ விண்கல் எனப்படுகின்றன. இவற்றிலுள்ள ஈயத்தை அளந்தே, 1956 இல் கிளேர் பாட்டர்சன் புவியின் அகவை ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் எனக் கணித்தார்.