மழை எவ்வளவு? தண்ணீர் எதுவரை?

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே போய் ஏரியைத் தேடாதீர்கள். நுங்கம்பாக்கம், மாம்பலம் பக்கமாக நீண்டு கிடந்த பழைய ஏரியை 1920களில் வற்றவைத்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். ஏரி போனாலும் பள்ளம் போகவில்லை.

அதே நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானாய்வுக்கூடம் வந்துவிட்டது. இன்றைய வானிலை மையம் இத்தனை செ.மீ. பெய்யலாம் என்று முன்கூட்டியே சொல்லும். அந்தத் தண்ணீர் எந்த வாசலில் ஏறும் என்பது அங்கேயே பல வருடம் குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அப்போது நம் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று மூத்தவர்களைக் கேளுங்கள். ஐப்பசிக்கு முன் கார் நிறுத்துமிடத் தூணில் கோடு போடுவோம். ரெட் அலர்ட் வந்தால், வண்டிகளைக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.