பெனார் கண்ட அறுகோணங்கள்

அடுப்பிலேற்றிய நீர் அடியிற் சூடேறி மேலெழுவதும், மேலுள்ள குளிர்ந்த நீர் கீழிறங்குவதும் யாவரும் அறிந்ததே. மேற்காவுகை எனப்படும் இவ்வியக்கத்தை ஆய்கூடத்தில் ஒழுங்குற ஆராய்ந்தோருள் முதல்வராகப் போற்றப்படுபவர் ஹென்றி பெனார் என்னும் பிரெஞ்சுக்காரர்.

1900ஆம் ஆண்டளவிற் பாரிஸ் நகரிலே அவர் செய்த பரிசோதனை தோற்றத்தில் மிக எளியது. கொதிநீராவியாற் சூடாக்கிய உலோகத் தட்டின்மேல், திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கப்படும் மெழுகை உருக்கி, ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பிற் பரப்பினார். மேற்புறம் காற்றுக்குத் திறந்திருந்தது. திரவம் சிறிது நேரம் ஒழுங்கின்றிப் புரண்டது; பின்னர், தேனடையிற்போல, ஒத்த அளவுடைய அறுகோணக் கலங்களாய் அமைந்தது. ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் சூடான திரவம் எழுந்து, விளிம்புகளிற் குளிர்ந்து இறங்கியது. இன்னொன்றையும் பெனார் குறித்துவைத்தார்: திரவம் மேலெழும் நடுவிடத்திலே மேற்பரப்பு உயரவில்லை, சற்றே குழிந்திருந்தது. அக்குழியின் ஆழம் மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவே. அதனையும் ஒளியின் துணைகொண்டு அளந்த பொறுமையை என்னென்பது!

1916இல் இங்கிலாந்தின் றேலி பிரபு இதற்குக் கணித விளக்கம் தந்தார். சூடேறிய திரவம் இலேசாகி மேலெழ முயலும். அதன் பாகுத்தன்மை தடுக்கும். வெப்பமும் அயலிலே பரவி அவ்விலேசைக் குறைக்கும். தூண்டும் ஆற்றல் ஒரு வரம்பைக் கடந்தாலன்றி ஓட்டம் பிறவாது. இரு திண்மத் தட்டுகளுக்கிடைப்பட்ட படைக்கு அவ்வரம்பெண் 1708 எனப் பின்வந்தோர் கணித்தனர். 1935இல் ஷ்மிட், மில்வேட்டன் என்னும் இருவர் நீர்ப்படையிற் செய்த அளவீடு அதற்கு அணித்தாகவே அமைந்தது. கணக்கிற் பிழையில்லை.

ஆயினும் அது பெனாரின் மெழுகுக்கு உரிய கணக்கன்று. அவருடைய மெல்லிய படையில் ஓட்டம் றேலியின் வரம்புக்கு வெகு கீழேயே தொடங்கிவிட்டது. மேலும், இலேசான திரவம் எழுவதே காரணமாயின் நடுவிடம் மேடாதல் வேண்டும் என ஜெப்றீஸ் 1951இற் காட்டினார். பெனார் கண்டதோ பள்ளம். அரை நூற்றாண்டாக ஏட்டிலே கிடந்த அச்சிறு குறிப்பைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. றேலியின் பெயர் அத்துணைப் பெரிது.

1956இற் புளொக் என்பார், இத்தகைய திரவத்தின் மேல் ஒரு மூலக்கூற்றுத் தடிப்பான வேறொரு படலத்தைப் பரப்பினார், ஓட்டம் நின்றுபோயிற்று. ஓட்டத்தை நடத்தியது மேற்பரப்பிழுவிசையே என்க. சூடான நடுவிலே அவ்விசை குறைவு. குளிர்ந்த விளிம்பிலே மிகுதி. ஆதலின் விளிம்பு திரவத்தை இழுக்க, நடு குழிகின்றது. 1958இற் பியர்சன் இதனைக் கணிதத்தால் நிறுவினார். படை தடிப்பாயின், அல்லது மேற்புறம் மூடப்படின், றேலியின் விளக்கமே ஆட்சி செலுத்தும்.

1939இற் காலமான பெனார் இவற்றுள் ஒன்றையும் அறிந்தாரல்லர். தட்டுகளுக்கிடையே நிகழும் ஓட்டத்தை, அவர் அதனை மெழுகிற் காணாதபோதும், இன்றும் ‘றேலி–பெனார் மேற்காவுகை’ என்றே வழங்குகின்றனர்.