பெயர் ஊருக்கு, படம் குடும்பத்துக்கு: மட்டக்களப்பு வாவிக்கரை நினைவேந்தலும் தனியுரிமையும்

முன்னுரை

பொதுவெளியில் நேர்ந்த சாவை நினைவுகூரும் உரிமை சமூகத்துக்கு உண்டு. அந்தச் சாவின் படங்கள் யாருக்குரியவை என்பது வேறு கேள்வி. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் 1987 முதல் நினைவேந்தல் மாறிவந்த விதத்தையும், அமெரிக்கக் கார்ப் பந்தய வீரர்களின் சாவையொட்டி எழுந்த சட்டத்தையும் இக்கட்டுரை சேர்த்து ஆராய்கிறது.

பெயரே சான்றான காலம்

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பகுதி 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் படுகொலைகளைக் கண்டது. இரண்டாவதை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு 67 பேர் கொல்லப்பட்டதாகக் கூறியது. ஊரவர் கணக்கோ 150ஐத் தாண்டியது. பட்டியலில் பெயர் ஏறாவிட்டால் அந்தச் சாவே நடக்கவில்லை என்றாகிவிடும் நிலை. ஆகவே அன்று குடும்பங்கள் வேண்டியது பதிவைத்தான். நினைவுத்தூபிகள் இந்தத் தேவையிலிருந்து எழுந்தவை.

கிழக்குக் கரையான எழுவான்கரையில், 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது பலர் கொல்லப்பட்டனர். சுவர்களில் குண்டு துளைத்த தடங்கள் இன்றும் பேணப்படுகின்றன. கொடுமைக்குச் சுவரே சாட்சியாக நிற்கிறது.

வீட்டளவிலும் நம்மிடம் ஒரு மரபு உண்டு. 31ஆம் நாளில் வெளியிடும் நினைவு மலரில் எந்தப் படம் இடம்பெற வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதைக் குடும்பமே தீர்மானிக்கிறது. அதில் இருப்பது இறந்தவர் உயிரோடிருந்த நாளின் முகம்.

கைத்தொலைபேசிக் காலம்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பலியானோரில் சிறுவர்கள் பலர். அன்று நாட்டின் பல இடங்களில் நடந்த தாக்குதல்களில் மாண்டோரின் படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. அரசு அந்த ஊடகங்களை முடக்கியது. ஆனால் அதன் நோக்கம் வதந்தியைத் தடுப்பது. துக்க வீடுகளைக் காப்பது அல்ல. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே தேதியில், தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடம்விலகிப் பாய்ந்து 7 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பந்தயப் பணியாளர்களும் ஒரு சிறுமியும் அடங்குவர். அந்தக் காணொளியும் நாடெங்கும் ஓடியது. 1991இல் குடும்பங்கள் பதிவு போதாமல் தவித்தன; இன்று குடும்பங்கள் பதிவு மிகுந்து தவிக்கின்றன.

டேட்டோனா தந்த வழி

இத்தகைய சிக்கலை அமெரிக்கா முன்பே சந்தித்தது. அந்நாட்டின் ஸ்டொக் கார் பந்தய வீரர்களான நீல் பொனெட், ரொட்னி ஓர் ஆகிய இருவரும் 1994 பெப்ரவரியில் புளோரிடா மாநிலத்தின் டேட்டோனா ஓடுதளத்தில் இறந்தனர். அவர்களுடைய பிரேத பரிசோதனைப் படங்கள் பின்னர் இணையத்தில் வெளியாகின. 2001 பெப்ரவரி 18 அன்று அதே ஓடுதளத்தில் டேல் ஏர்ன்ஹார்ட் என்ற வீரர் இறந்தபோது, அவருடைய மனைவி நீதிமன்றம் சென்று அத்தகைய படங்கள் வெளியாவதைத் தடுத்தார். பந்தயப் பாதுகாப்பை ஆராய்ந்த நாளிதழ் ஒன்று அவற்றைப் பார்க்கக் கோரியது. சுயாதீன மருத்துவ நிபுணர் ஒருவர் மட்டும் பார்த்து அறிக்கை தருவது, படங்களை வெளியிடுவதில்லை என்று உடன்பாடு ஏற்பட்டது. சாவுக்குக் காரணமான மண்டையோட்டு அடிப்பகுதி முறிவு எப்படி நேர்ந்தது என்பது ஆராயப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் தலை, கழுத்துக் காப்புக் கருவி கட்டாயமானது. மார்ச் மாத இறுதியிலேயே, குடும்பத்தின் இசைவோ நீதிமன்ற ஆணையோ இன்றி இத்தகைய படங்களைத் தரக்கூடாது எனப் புளோரிடா சட்டம் இயற்றியிருந்தது. உண்மையும் வெளிவந்தது, குடும்பத்தின் மானமும் காக்கப்பட்டது.

இலங்கைச் சட்டம்

2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம், பொதுநலன் மேலோங்கினாலன்றித் தனிப்பட்ட தகவலை மறுக்க இடமளிக்கிறது. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இறந்தவர்களின் தரவையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025இல் தள்ளிவைக்கப்பட்டது. இந்நிலையில் சாவுக் காட்சிகளுக்கென்று தனி ஏற்பாடு தேவை.

முடிவுரை

தனியுரிமையின் பெயரால் படுகொலைகளை மறைக்க ஒருபோதும் இடமளிக்கக் கூடாது. கொக்கட்டிச்சோலை கற்பிக்கும் பாடம் அது. பெயர், நாள், இடம், பொறுப்பானவர் யார் என்பவை பொதுமக்களுக்குரியவை. உடலின் படங்கள் விசாரணையாளர் கையில் சான்றாக இருக்கட்டும்; அதற்கு அப்பால் அவை குடும்பத்துக்கு மட்டுமே உரியவை. நினைவு நாள்களில் செய்தி எழுதுவோரும், தூபி எழுப்பும் உள்ளூராட்சி மன்றங்களும், கைத்தொலைபேசி வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் முதலில் இறந்தவர் வீட்டாரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும்.