மூன்றாம் நாள் எண்

வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போனால், "தினமும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்களே, எதற்கு?" என்று வீட்டார் நம்மிடம் கேட்பார்கள். அந்தச் சோதனைகளில் ஒன்றின் பெயர் சி.ஆர்.பி. நாற்பது வருஷம் பேரேடுகளோடு வாழ்ந்த எனக்கு அதன் சரித்திரம் மிகவும் பிடித்துப்போனது.

அது 1930-ல், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் தொடங்குகிறது. பென்சிலின் மருந்தாக வராத காலம். நிமோனியா என்றால் உயிர் ஊசலாடும். ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வகத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்ற பொருளை நோயாளியின் சீரத்தோடு கலந்தார்கள். நோய் முற்றியிருந்தபோது எடுத்த சீரம் கலங்கி வண்டல் படிந்தது. அதே ஆள் தேறியபின் எடுத்ததில் ஒன்றும் படியவில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் பொருளாக இருந்தால், தேறும்போது அல்லவா கூடவேண்டும்? இது நேர்மாறாக இருந்தது. போதாததற்கு, வேறு நோய்க்காரர்களிடமும் அது தென்பட்டது. 1941-ல் ஏவரி குழுவினர் அது ஒரு புரதம் என்று காட்டினார்கள். 'சி'யோடு வினைபுரியும் புரதம் என்பதே சி.ஆர்.பி.

இதைச் சுரப்பது கல்லீரல். உடம்பில் எங்கே காயமோ கிருமியோ வந்தாலும் சுரக்கும். கத்தி படுவதும் காயம்தானே? ஆகவே ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் இது ஏறும். சாதாரணமாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருப்பது, பெரிய வயிற்று ஆபரேஷனுக்குப்பின் 100-ஐத் தாண்டுவது சகஜம். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய 19 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால், புதிதாகத் தூண்டுவது எதுவும் இல்லையென்றால் மளமளவென்று இறங்கவேண்டும்.

இறங்காவிட்டால்தான் கவலை. குடலை வெட்டி இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலும் வயிற்று வலியும் வெளிப்படச் சில நாள் ஆகலாம். அதற்கு முன்பே இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று, நான்காம் நாளில் 150 என்பதைப் பல மருத்துவர்கள் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்குமேல் இருந்தால் கசிவுதான் என்று அர்த்தமில்லை. நெஞ்சுச் சளியாகவோ புண்ணில் சீழாகவோ இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். ஆனால் அதற்குக் கீழே இருந்தால், பெரும்பாலும் கசிவு இல்லை என்று நம்பலாம். பயமுறுத்துவதைவிட தைரியம் சொல்வதில்தான் இந்த எண் கெட்டி.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 1993-ல் அசிகோ, போயுவான் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், கடுமையான பாக்டீரியாத் தொற்று உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் புரோகால்சிடோனின் பல மடங்கு ஏறுவதை 'லான்செட்' இதழில் எழுதினார்கள். இன்று பல ஆஸ்பத்திரிகளில் சி.ஆர்.பி.யோடு அதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஆகவே ரிப்போர்ட் கைக்கு வந்தால் இன்றைய எண்ணை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். பேரேட்டில் ஒரு வரியை வைத்து யாரும் கணக்கு முடிப்பதில்லை. "நேற்று எவ்வளவு டாக்டர்?" என்று கேளுங்கள். எண் நன்றாகவே இருந்தாலும், நோயாளி வலி கூடுகிறது என்றால் உடனே போய்ச் சொல்லுங்கள்.