செயற்கை எலும்பு வரும்வரை

1993. கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கவர்மெண்ட் ஸ்கூலில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் கபடியில் நல்ல ரைடர். தீபாவளிக்கு முன்னாடியே முட்டிக்கு மேல வலிக்குதுன்னு சொல்லிட்டிருந்தான். "வளர்ற பையன், வலிக்கத்தான் கண்ணு செய்யும்" என்றார் அவன் அம்மா. விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் போட்டு நீவி, கட்டும் கட்டினார்கள். வீக்கம் வடியவில்லை. பொங்கல் கழித்துத்தான் எக்ஸ்ரே. அப்புறம் தொடையோடு காலை எடுத்தார்கள். பத்தாவது பரீட்சை எழுத அவன் இல்லை.

போன வருஷம் ஊருக்குப் போனபோது அவன் அண்ணன் பழைய ஃபைலைக் காட்டினார். ஆஸ்டியோசார்கோமா என்று எழுதியிருந்தது. அதிலிருந்துதான் இந்தத் தேடல். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர்க்காரன். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலை அப்போதே காப்பாற்றியிருக்க முடியுமா?

முதலில் நோயைப் பற்றி. இந்த எலும்புப் புற்று பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள், எலும்பு வேகமாக நீளும் பருவத்தில் வருகிறது. பாதிக்கு மேல் முட்டியைச் சுற்றித்தான். ஆகவே அந்த அம்மா சொன்னதை அறியாமை என்று தள்ள மாட்டேன், வயசும் இடமும் அப்படி. வளர்ச்சி வலி சாதாரணமாக இரண்டு காலிலும் வரும், காலையில் போய்விடும். இது ஒரே இடத்தில் நின்று, தூக்கத்தைக் கெடுத்து, வாரக்கணக்கில் கூடும். எக்ஸ்ரேயில் எலும்பின் மேலுறை தூக்கிக்கொண்டு ஓரத்தில் முக்கோணமாகத் தெரியும். அதற்குக் கோட்மன் முக்கோணம் என்று பெயர்.

எர்னஸ்ட் கோட்மன் பாஸ்டன் சர்ஜன். ஆபரேஷன் செய்த ஒவ்வொரு நோயாளியும் கடைசியில் என்ன ஆனார் என்று எழுதி வைக்கணும்னு அடம்பிடித்து, சக டாக்டர்களிடம் கெட்ட பேர் வாங்கியவர். 1920 வாக்கில் எலும்புப் புற்றுக்கென்றே ஒரு பதிவேடு தொடங்கி அமெரிக்கா முழுவதிலிருந்தும் கேஸ்களைச் சேர்த்தார். டேட்டாபேஸ் வேலை செய்பவனுக்கு இவரைப் பிடிக்காமல் போகுமா!

அந்த மாதிரிப் பதிவுகள் சொன்ன செய்தி கொடூரமானது. காலை உடனே எடுத்தாலும் பத்துப் பேரில் இரண்டு பேர் பிழைத்தால் அதிகம். ஏனென்றால் நோய் தெரியவரும்போதே எக்ஸ்ரேக்குப் பிடிபடாத நுண்ணிய துகள்கள் நுரையீரலுக்குப் போயிருக்கும். காலை வெட்டியது, நோய் ஏற்கனவே கிளம்பிவிட்ட இடத்தில்.

இங்கேதான் மெட்ராஸ் வருகிறது. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல், 1922-இல் பாஸ்டன் போனார். பின்னர் லெடர்லி கம்பெனியில் அவர் தலைமையில் இருந்த குழுவிலிருந்து வந்த மருந்துகளில் ஒன்றுதான் மெத்தோட்ரெக்சேட். என் சித்தி மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை சில மில்லிகிராம் மாத்திரையாக இதைத்தான் போடுகிறார். 1970களில் இதையே எலும்புப் புற்றுக்குக் கிராம் கணக்கில், உயிரைப் பறிக்கக்கூடிய அளவில் ஏற்றி, ஒருநாள் கழித்து லியூகோவோரின் என்ற மாற்று மருந்தால் உடம்பை மீட்டார்கள். முதலில் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அதே சமயத்தில் நியூயார்க்கில், மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், காலை வெட்டாமல் புற்று இருந்த எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோக எலும்பு வைக்க முயன்றார்கள். ஆளுக்கேற்ற அளவில் அதைச் செய்து வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பையனைச் சும்மா உட்கார வைப்பதா? ஜெரால்ட் ரோசன் என்ற டாக்டர் அந்த இடைவெளியில் மருந்தை ஏற்றினார். கட்டி சுருங்கியது, ஆபரேஷனும் சுலபமானது. எடுத்த எலும்பை மைக்ரோஸ்கோப்பில் வைத்து எத்தனை சதவீதம் செத்திருக்கிறது என்று பார்த்தால் மருந்து கேட்டதா என்றும் தெரிந்தது. இன்றைக்கு உலகம் பூரா முதலில் மருந்து, பிறகு ஆபரேஷன், மறுபடி மருந்து. இந்த வரிசைக்கு ஆரம்பம் ஒரு டெலிவரி தாமதம்!

1986-இல் வந்த ஓர் ஆய்வு மிச்சமிருந்த சந்தேகத்தையும் தீர்த்தது. ஆபரேஷனோடு விட்டவர்களில் இரண்டு வருஷம் கழித்தும் நோய் திரும்பாதவர்கள் 17 சதவீதம். மருந்தும் பெற்றவர்களில் 66.

சரி, நம்மூரில்? வெளிநாட்டு உலோக எலும்பு நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாத விலை. 1980களின் கடைசியில் சென்னை அரசு பொது மருத்துவமனையில், அதாவது சுப்பாராவ் படித்த அதே காலேஜின் ஆஸ்பத்திரியில், டாக்டர் மயில்வாகனன் நடராஜன் ஒவ்வொரு நோயாளியின் அளவுக்கும் உள்நாட்டிலேயே செயற்கை எலும்பு செய்யவைத்துப் பொருத்த ஆரம்பித்தார். 2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆக, என் கேள்விக்குப் பதில்: வழி இருந்தது. ஆனால் அவனுக்கு அது பலித்திருக்குமா என்பது வேறு விஷயம். மாதக்கணக்கில் தாமதம் ஆகிவிட்டது. நுரையீரலில் என்ன இருந்தது என்று அந்த ஃபைலில் ஒரு வரி இல்லை. கட்டியிலிருந்து சதை எடுக்கும் ஊசியைக்கூடக் கண்ட இடத்தில் குத்தக் கூடாது. ஊசி போன பாதையையும் பின்னால் வெட்டி எடுக்க வேண்டியிருப்பதால், தப்பான இடத்தில் குத்தினால் அதனாலேயே கால் போகும். அதையெல்லாம் தெரிந்தவர் கையில் அவன் முதல் வாரத்திலேயே போயிருக்க வேண்டும்.

இன்னொரு முரண். ரத்தத்தில் மருந்தின் அளவை விடாமல் கண்காணிக்க ஆகும் செலவால், இந்தியாவில் பல இடங்களில் இன்று அந்தப் பெரிய அளவு மெத்தோட்ரெக்சேட்டை விட்டுவிட்டு வேறு மருந்துக் கூட்டணிதான் கொடுக்கிறார்கள். மும்பை டாடா மருத்துவமனையின் முறையும் அப்படித்தான்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். கடைசியில் போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அந்த ஆஸ்பத்திரி சென்ட்ரலுக்கு எதிர்லதானுங்க?" என்றார். "ஆமாங்கண்ணா" என்றேன்.

"ஈரோட்டுல ராத்திரி நீலகிரி ஏறுனா விடியக்காலைல போயிருப்போம்."