வாரப் பத்திரிகையில் பிறந்த வீடியோ கேம்

வீடியோ கேம் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இருந்து தொடங்குவார்கள். நான் பி.காம். படிக்கிறவன், அதனால் கல்லாப்பெட்டியில் இருந்து தொடங்குகிறேன். :)

1975-ல் யசுஹிரோ ஃபுகுஷிமா என்பவர் ஜப்பானில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். வீடு, மனை விளம்பரங்களைப் பத்திரிகையாகப் போடுவது அதன் தொழில். 1982-ல் 'எனிக்ஸ்' என்ற பெயரில் வீடியோ கேம் பக்கம் வந்தபோது அவரிடம் கேம் எழுதத் தெரிந்த ஆட்கள் கிடையாது. என்ன செய்தார் தெரியுமா? பரிசுப் பணம் அறிவித்துப் போட்டி வைத்தார்! எழுத்தாளரிடம் கதை வாங்கி அச்சிடும் பதிப்பகம் மாதிரி, வெளியில் கேம் வாங்கி விற்பது அவர் திட்டம்.

அந்தப் போட்டியில் தேறியவர்களில் இருவர் முக்கியம். ஒருவர் கொய்ச்சி நகாமுரா, அப்போது பள்ளி மாணவர். இன்னொருவர் யூஜி ஹோரி, 'ஷோனென் ஜம்ப்' என்ற மாங்கா வார இதழுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1983-ல் அமெரிக்காவில் நடந்த ஆப்பிள் கம்ப்யூட்டர் கண்காட்சிக்குப் போன இருவரும் 'விஸார்ட்ரி' என்ற ரோல் பிளேயிங் கேமைப் பார்த்து மயங்கிப் போனார்கள். இதையே ஜப்பான் சிறுவர்களுக்கு, நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவியில் எளிமையாகக் கொடுத்தால் என்ன?

இங்கேதான் சிக்கல். ஃபாமிகாம் சிறுவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஓடுவது, தாவுவது, சுடுவது. ஊர் ஊராகப் போய்ப் பேசி, படித்து, மெல்ல மெல்ல பலம் சேர்க்கும் விளையாட்டை யார் வாங்குவார்கள்?

உதவிக்கு வந்தவர் ஜம்ப் இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த கஸுஹிகோ தோரிஷிமா. அவர் பொறுப்பில் இருந்த ஓவியர் அகிரா தோரியாமா. (பெயர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: தோரிஷிமா ஆசிரியர், தோரியாமா ஓவியர்.) 'டாக்டர் ஸ்லம்ப்' மூலம் ஏற்கெனவே புகழ் பெற்றவர். 1984-ல் தொடங்கிய அவரது 'டிராகன் பால்' 1986 பிப்ரவரியில் டிவிக்கும் வந்துவிட்டது. அந்த ஓவியரைத்தான் கேமுக்குள் கொண்டுவந்தார்கள்.

ஹோரி வரைந்து கொடுத்த 'ஸ்லைம்' என்ற பூதம் வெறும் கூழ்க் குவியல். தோரியாமா அதைச் சொட்டு வடிவத்தில் வரைந்து, வாயில் ஒரு சிரிப்பையும் வைத்தார். பயமுறுத்த வேண்டிய பூதம் சிறுவர்களின் செல்லமாகிவிட்டது.

1986 மே 27-ல் 'டிராகன் குவெஸ்ட்' வெளியானது. மொத்த கேமும் 64 கிலோபைட்தான், இன்றைய செல்போன் போட்டோ ஒன்றைவிடச் சிறியது! ஆரம்பத்தில் விற்பனை மந்தம். ஹோரி ஜம்ப் இதழில் அந்த கேமைப் பற்றி எழுத எழுத விற்பனை ஏறியது. ஜப்பானில் மட்டும் 15 லட்சத்துக்கு மேல் விற்றது.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. தன் சரக்கைப் பற்றித் தானே பத்திரிகையில் எழுதுவது செய்தியா, விளம்பரமா? இரண்டுக்கும் நடுவிலான கோடு அங்கே அழிந்துபோனது உண்மை. ஆனால் விளம்பரத்தால் ஒருமுறைதான் விற்க முடியும். 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை வெளியான மூன்றாம் பாகத்தை வாங்கப் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு மாணவர்கள் கடை வாசலில் வரிசை கட்டினார்கள். (அதன் பிறகு வேலை நாளில் வெளியிடத் தடைச் சட்டமே வந்தது என்பது கட்டுக்கதை. கம்பெனியே விடுமுறை நாளுக்கு மாற்றிக்கொண்டது.) 1989-ல் கேம் உலகத்தை வைத்து ஜம்ப் இதழிலேயே 'டை' என்ற சிறுவனின் சாகச மாங்கா தொடங்கி, 1996 வரை ஓடியது.

இப்போது மறுபக்கம். அதே முதல் கேம் 1989-ல் 'டிராகன் வாரியர்' என்ற பெயரில் அமெரிக்கா போனது. அங்கே ஜம்ப் இல்லை, தோரியாமாவை யாருக்கும் தெரியாது. அட்டையில் அவர் படத்துக்குப் பதில் வேறு ஓவியம். கடைசியில் நின்டெண்டோ தன் பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்தது!

கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து படிக்கிறோம். விலை கொடுத்து வாங்கினால்தான் ஏட்டில் ஏறும், தானாகச் சேர்த்தது ஏறாது. ஒரு வார இதழும் ஓர் ஓவியரும் வாராவாரம் சேர்த்த நற்பெயர்தான் ஜப்பானில் அந்த கேமைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் கேம் வரலாற்றில் நாம் கம்பெனி பெயரையும் விற்பனை எண்ணையும் மட்டுமே மனப்பாடம் செய்கிறோம்.

தோரியாமா 2024 மார்ச் 1-ல், 68 வயதில் காலமானார். அவர் வைத்த சிரிப்பு ஸ்லைமின் முகத்தில் இன்றும் இருக்கிறது. அதை எந்த ஏட்டில், எந்தப் பத்தியில் பதிவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.