சட்டாம்பிள்ளையின் சரித்திரம்

சட்டாம்பிள்ளை என்ற சொல் இன்று வசையாகத்தான் புழங்குகிறது. கேட்காமலேயே நாலு பேரை அதட்டுகிறவனைப் பார்த்து 'என்ன பெரிய சட்டாம்பிள்ளைத்தனம்' என்கிறோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஸ்திரமான ஓர் இடம் இருந்தது. உபாத்தியாயர் வெளியே போனால் சின்னப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைப்பான். எண்சுவடியை அவன் முறை வைத்துச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சம்பளம் கிடையாது, பிரம்பு உண்டு. மற்றவர்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன், அவ்வளவுதான். இந்தப் பையன் ஒரு காலத்தில் கடல் கடந்து போய் இங்கிலாந்தின் வகுப்பறையை மாற்றினான் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். போன இடத்தில் அவன் வேறு ஆளாகிவிட்டான் என்பதுதான் என் விஷயம்.

1623இல் பியெத்ரோ தெல்லா வாலெ என்ற இத்தாலிய யாத்ரீகர் கன்னட நாட்டில் ஒரு கோயில் முகப்பில் நாலு பையன்களைப் பார்த்தார். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே கணக்குப் பாடத்தை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சொல்ல மற்றவர்கள் கூடச் சொன்னார்கள். பக்கத்தில் உபாத்தியாயர் இல்லை. தப்பு வந்தால் யார் திருத்துவார்கள் என்று கேட்டிருக்கிறார். நாலு பேருக்கும் ஒரே இடத்தில் தப்பு வராது என்ற பொருள்பட அவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பதில் என்னைப் பல நாள் தொந்தரவு செய்தது. அறிவை மேலிருந்து கீழே இறக்கும் சரக்காகவே நினைத்துப் பழகிய நமக்கு, அது நாலு பேருக்கு நடுவில் கிடக்கிற ஒன்று என்று சொல்வதற்கு நாலு சிறுவர்கள் வேண்டியிருக்கிறது.

ஆண்ட்ரூ பெல் சென்னைக்கு வந்தது 1787இல். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர், பாதிரியார்; அதற்கு முன் வர்ஜீனியாவில் வீட்டு உபாத்தியாயராக இருந்தவர். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதை விடுதிக்கு மேற்பார்வையாளரானார். அங்கிருந்த பையன்கள் வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகள். பெரும்பாலோருக்குத் தாய் இங்கத்தியவள். தகப்பன் செத்தோ கப்பலேறியோ போனபின் இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதவர்கள். சம்பளத்துக்கு இருந்த உதவி ஆசிரியர்கள் பெல்லின் யோசனைகளுக்கு மசியவில்லை. ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதுவதை அவர் பார்த்திருந்தார். (அக்காலத்துச் சென்னை வெள்ளையர் மலபார் என்றால் பெரும்பாலும் தமிழையே குறித்தார்கள்.) அதை விடுதிக்கும் கொண்டுவரச் சொன்னார். நடக்காத காரியம் என்றார் உதவி ஆசிரியர். பெல் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சிறுவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும் வேலையை அவனிடம் விட்டார். ஜான் ஃபிரிஸ்கன் என்று பெயர். சாதாரணச் சிப்பாய் ஒருவனின் மகன். அவனால் முடிந்தது. பிறகு வகுப்புக்கு வகுப்பு பையன்களே ஆசிரியர்களானார்கள்.

மணல் எங்கிருந்து வந்தது என்பதை பெல் ஒப்புக்கொண்டார். பையனுக்குப் பையனே சொல்லிக்கொடுப்பதைத் தம் கண்டுபிடிப்பாகவே கடைசிவரை கருதினார். பெல்லாரி கலெக்டராக இருந்த காம்பெல் 1823இல் அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் உள்ளூர் முறையைப் புகழ்ந்துவிட்டு, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்கிறார். இதை வைத்துக்கொண்டு 'நம்மிடமிருந்து எடுத்துப் போனார்கள்' என்று மார் தட்டுகிற கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. எனக்கு அதில் உற்சாகம் இல்லை. எடுத்துப்போன பொருள் போய்ச் சேர்ந்த இடத்தில் என்னவாயிற்று என்பதே கேள்வி.

1796இல் பெல் ஊர் திரும்பினார். அடுத்த வருஷம் எழும்பூர்ப் பரிசோதனையைப் பற்றி லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1798இல் ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் இளைஞர் தெற்கு லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இரண்டு பேரில் யார் முதல்வன் என்ற சண்டையில் அங்கிருந்த திருச்சபைகளே இரண்டு கட்சியாயின. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். லங்காஸ்டரின் கூடம்தான் கவனிக்க வேண்டியது. ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஆயிரம் பேர் வரை முடியும் என்று அவர் வாதித்தார். ஒரே புத்தகத்தின் பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டினால் பள்ளி முழுமைக்கும் அதுவே போதும். வராதவர்களைக் கணக்கெடுக்க ஒரு மானிட்டர், பலகையைச் சரிபார்க்க ஒரு மானிட்டர், கோடு போட ஒரு மானிட்டர். சைகை காட்டினால் நூறு கை ஒன்றாக எழும். நன்றாகப் படித்தவனுக்குப் பரிசுச் சீட்டு. தவறியவனுக்குக் கழுத்தில் கட்டை, அல்லது கூரையிலிருந்து தொங்கும் கூடை. குவேக்கரானதால் பிரம்பை வெறுத்தவர் அவர். பிரம்புக்குப் பதிலாக அவமானத்தைக் கண்டுபிடித்தார்.

அப்போது இங்கிலாந்தில் பஞ்சாலைகள் பெருகிக்கொண்டிருந்தன, அவற்றில் குழந்தைகளும் வேலை செய்தார்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெல்லே தம் முறையை நீராவி யந்திரத்துக்கும் நூற்பு யந்திரத்துக்கும் ஒப்பிட்டிருக்கிறார்: உழைப்பைக் குறைத்து விளைச்சலைப் பெருக்கும் சாதனம். ஆலையைப் பார்த்துப் பள்ளியா, பள்ளியைப் பார்த்து ஆலையா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒரே மூச்சில் வளர்ந்தன. திண்ணையில் சட்டாம்பிள்ளை தன் பத்துப் பதினைந்து பிள்ளைகளின் அப்பன் பெயர் தெரிந்தவன். தானும் அதே உபாத்தியாயரிடம் அடி வாங்குகிறவன். அவன் கொடுமைக்காரனாக இருந்தால் அந்தக் கொடுமைக்கு ஒரு முகம் இருந்தது. லண்டன் கூடத்தில் அவன் இடத்தில் எந்தப் பையனையும் பொருத்தலாம். பொருத்தத் தக்கவனாக இருப்பதே அவன் தகுதி. மிச்சமான ஆசிரியர் சம்பளம்தான் இந்த முறையின் உண்மையான வெற்றி. அதைப் பாராட்டியவர்கள் யாரும் தங்கள் பிள்ளையை அந்தக் கூடத்துக்கு அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எழும்பூர்ப் பையன்கள் என்ன ஆனார்கள்? 1794இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதலில் சேர்க்கப்பட்ட சிறுவர்கள் இதே அனாதை விடுதியிலிருந்து வந்தவர்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரியானது. இந்தச் செய்தியைச் சாதாரணமாகத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தவை நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் குழிமாற்றும். முழங்கால் மடக்கி உட்கார்ந்து ராகம் போட்டதெல்லாம் நாளைக்குக் களத்து மேட்டில் நெல் அளக்கவும் நிலத்தின் குழி கணக்கிடவும்தான். வகுப்பறைக்கும் வேலைக்களத்துக்கும் நடுவில் இடைவெளி இல்லை. (செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட நூல் இந்தக் கணக்கு மரபை விரிவாகச் சொல்கிறது.) மணலில் எழுதப் பழகிய விடுதிப் பையன்கள் சங்கிலியும் கருவியும் எடுத்துக்கொண்டு அதே நிலத்தை அளக்கப் போனார்கள். கணக்கப்பிள்ளையின் மனத்தில் இருந்த அளவு மெல்ல மெல்லக் கச்சேரியில் இருக்கும் வரைபடத்துக்கு மாறியது. எழுத்து கற்றுக்கொடுத்தவன் பத்து வயதுப் பையன், அளக்கப் போனவன் பதினாறு வயதுப் பையன். கும்பெனிக்கு மலிவாகத்தான் முடிந்தது.

காம்பெல் அறிக்கையில் இன்னொரு விவரம் வருகிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவனுக்குச் சுன்னம்: புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு, பிறகு வரிசைப்படி ஏறும். என் உறவுப் பையன் ஒருவன் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். 2020க்குப் பிறகு பாதி நாள் வீட்டிலிருந்தேதான். கை சற்று நேரம் அசையாவிட்டால் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். நடுநடுவே திரை தானாகப் படமெடுக்கப்படும். 'அதையெல்லாம் யாருடா பார்க்கிறது?' என்று கேட்டேன். 'யாரும் பார்க்கிறதில்லை மாமா. பதிவாகும், அவ்வளவுதான்' என்றான். மானிட்டர் என்ற பெயர் பையனிடமிருந்து கண்ணாடித் திரைக்குப் போனது தற்செயலாக இருக்கலாம். ஆனால் சரஸ்வதி என்று எழுதப்பட்ட உள்ளங்கையோ அடி வாங்கிய உள்ளங்கையோ இன்னொருவன் பிடித்த கை. பதிவாவதற்குக் கை வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் திண்ணைக்காக அழுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டு எடுத்த கணக்குப்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் 1983இல் இந்த அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தமிழ் ஜில்லாக்களில் பிராமணரல்லாத பிள்ளைகளே மிகுதி என்பது பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. உண்மைதான். ஆனால் அதே கணக்கில் பெண்கள் மிகச் சொற்பம். சேரிப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடம் பெரும்பாலும் இல்லை. நாலு பேர் கூடி உட்கார்ந்தால் தப்பு வராது என்பது சரி. அந்த நாலு பேர் யார் என்பதைத் தெரு முடிவு செய்தது. எழும்பூர் விடுதி அப்படி இடமில்லாத பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. 1894இல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் பள்ளியைத் திறந்தபோது அங்கே வந்த பிள்ளைகளுக்குப் பதிவேடும் மணியும் பலகையும் ஒரு வாசலாக இருந்தன. முகம் பார்க்காத பதிவேட்டில் பெயர் ஏறுவது, முகம் பார்த்தே ஒதுக்கப்பட்டவனுக்குச் சின்ன விஷயம் அல்ல. யந்திரத்தை வைகிறவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் மானிட்டர் முறை 1840களில் ஓய்ந்தது. 1846இலிருந்து பயிற்சி மாணவ ஆசிரியர்கள் வந்தார்கள். 1862இல் தேர்வில் தேறியவர் கணக்கைப் பார்த்து மான்யம் கொடுக்கும் விதி வந்தது. அதே தசாப்தத்தில் அது சென்னைக்கும் வந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காகவே பள்ளி நடக்கும் வழக்கம் அதன் மிச்சம். பெல் 1832இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் புதைக்கப்பட்டார். அவர் பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். சென்னையில் ஃபிரிஸ்கனின் பெயரில் ஒரு சந்துகூட இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சட்டாம்பிள்ளை பிறகு இரண்டு தடவை வேறு பெயரில் திரும்பி வந்தான். செயல்வழிக் கற்றல் 2007இல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் போனது. கரும்பலகை குழந்தையின் கை எட்டும் உயரத்துக்கு இறங்கியது. வட்டமாகத் தரையில் உட்கார்ந்து தெரிந்தவன் தெரியாதவனுக்குக் காட்டினான். கூடவே ஏணிப்படியும் அட்டைகளும் எண்களும் வந்தன. இரண்டாவது தடவை, 2021இல் இல்லம் தேடிக் கல்வி. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் இழப்பை ஈடுகட்ட மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், அநேகமாகப் பெண்கள், தங்கள் தெருவிலேயே மாலை வகுப்பு எடுத்தார்கள். பிற்பாடு நடந்த ஆய்வு ஒன்று, பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஆறு மாதத்தில் மீட்டார்கள், அந்த மீட்பில் கால்வாசி இந்த வகுப்புகளால் என்று கணக்கிட்டது. ஆயிரம் ரூபாய்க்கு இது பெரிய காரியம். மிச்சமான சம்பளத்தைப் பற்றி மேலே சொன்னதை இங்கேயும் படித்துக்கொள்ளலாம். இப்போது கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் யந்திரம் வந்திருக்கிறது. ஒரே ஆசிரியர் போதும் என்ற லங்காஸ்டரின் வாதம், ஆசிரியரே வேண்டாம் என்று சற்று நீண்டிருக்கிறது.

எங்கள் தெருவில் அப்படி ஒரு வகுப்பு நடந்தது. திண்ணை இடிக்கப்படாமல் தப்பிய ஒரே வீடு. பட்டப்படிப்பு முடித்து வேலை கிடைக்காத ஒரு பெண் நடத்தினாள். ஒருநாள் மாலை நான் போனபோது அவள் கைபேசியில் அன்றைய வருகையைப் பதிந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டாம் வகுப்புச் சிறுமிக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஒன்றாம் இடத்தில் போதாவிட்டால் பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்க வேண்டும் என்றான். அவள் சுண்ணாம்புக் கட்டியை நிறுத்திவிட்டு, 'வாங்குன கடன எப்பத் திருப்பிக் குடுக்கணும்?' என்று கேட்டாள். பையன் திகைத்தான். அக்காவைப் பார்த்தான். அக்கா பதிவை நிறுத்திவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். 'தெரியலயே, வா யோசிக்கலாம்' என்று அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.